தொட்டு அனுப்பிய காலைகள்

பன்னிரண்டு வயதில் எனக்கு ஒரு வேலை இருந்தது: அப்பாவைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. இழுத்துப் போட்ட பிறகு இறக்கி வைக்கத் தெரியவில்லை. இன்று இதை எழுதும்போது கொஞ்சம் சிரிப்புக்கூட வருகிறது. அன்று வரவில்லை. காலையில் கண் விழித்த உடனே முதலில் அந்தப் பயம்தான் வரும். அதற்குப் பிறகுதான் அன்று என்ன கிழமை என்பதே நினைவுக்கு வரும்.

அப்பா தாயில்பட்டிப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியை லீசுக்கு எடுத்து நடத்தினார். நாங்கள் குடியிருந்தது சிவகாசியில். அப்பா பைக்கில் போவார், வேலையாட்கள் கம்பெனி வேனில் போவார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா ஒரு செல்போன் வாங்கியிருந்தார். ஆனால் கம்பெனி கேட்டுக்குள் செல்போன் கூடாது. வாட்ச்மேன் அறையில் அணைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எனக்குச் சொல்ல ஒருவரும் கிடையாது. மற்றப் பிள்ளைகளின் அப்பாக்களும் அப்படித்தான் போனார்கள். அந்தப் பிள்ளைகள் பாண்டி விளையாடினார்கள். எனக்கு மட்டும் அது ஒட்டவில்லை.

ஆரம்பம் ஓர் ஆயுதபூஜை. அன்று கம்பெனியில் வேலை இருக்காது. அறைகளைக் கழுவிவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுப்பார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு உள்ளே அனுமதி. முதல் அறையின் வாசலில் சுவரோடு ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. நான் படியேறப் போனேன். போர்மேன் கையை நீட்டி மறித்தார்.

"பாப்பா, அங்கனயே நில்லு. மொதல்ல இதுல கைய வையி."

"எதுக்கு?"

"நம்ம ஒடம்புலயும் கரண்டு இருக்கு தாயி. கண்ணுக்குத் தெரியாது. தலை சீவுனா வரும், நைலான் துணி உடுத்துனா வரும். இதத் தொட்டா மண்ணுக்குள்ள போயிரும். தொடாம உள்ள போனா வெடிமருந்துல எறங்கிரும்."

"எறங்குனா?"

அவர் ஐந்து விரல்களையும் ஒன்றாகக் குவித்து, பட்டென்று விரித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கொடுத்த பொரிகடலையை நான் தின்னவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் வம்பாகப் போயிற்று. பேய் பிசாசு என்று பயம் காட்டியிருந்தால் வளர வளர விட்டுப் போயிருக்கும். இது அறிவியல், இது விடாது. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். அப்பா தலை சீவுகிறார். காற்றில் சட்டை படபடக்க அத்தனை மைல் பைக்கில் போகிறார். ஆர்டர், லோடு, லேபிள் என்று நூறு யோசனையோடு போகிற மனிதர் ஒரு நாள் தகட்டைத் தொட மறந்துவிட்டால்? அவருக்குப் பதில் நான் செய்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். கொல்லையில் அடிபம்பு இருந்தது. இரும்பு, மண்ணுக்குள் ஆழமாகப் போகிறது. காலையில் அதை இரண்டு கையாலும் பிடித்து நிற்பேன். பிறகு ஓடி வந்து கிளம்பும் அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளையும் மூன்று தடவை தொடுவேன். அவ்வளவுதான். அப்பா அதைப் பாசம் என்று நினைத்துக் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார்.

மூன்று தடவை சில வாரங்களே போதுமானதாக இருந்தது. தொடும்போது நடுவில் ஒரு கெட்ட நினைப்பு வந்துவிட்டால் தொட்டது செல்லாது என்று எனக்கே ஒரு சட்டம் தோன்றியது. வராமல் இருக்குமா? தொட ஆரம்பித்ததும் போர்மேனின் விரல்கள்தான் விரியும். மறுபடி பம்பு, மறுபடி மூன்று. யாராவது தும்மினால் மறுபடி. கை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி. அடுத்தது கை கழுவுதல். அப்பாவின் நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் மருந்துப் பொடி ஒட்டியிருக்கும். அவரைத் தொட்ட கையால் நான் அடுப்படிக்குள் போனால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். அதற்கப்புறம் துணி. பள்ளிச் சீருடை டெரிகாட்டன். கம்பெனியில் அந்த மாதிரித் துணி கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். நான் பருத்திப் பாவாடையோடு பள்ளிக்குப் போனேன். டீச்சர் திருப்பி அனுப்பினார். மறுநாளும் அப்படியே போனேன்.

வேறு ஊராக இருந்தால் ஒரு மாதத்தில் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் இது பொறுப்பு. கேஸ் அடுப்பை மூன்று தடவை மூடிப் பார்க்கிற பிள்ளையை எங்கள் தெருவில் திட்ட மாட்டார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதாரணம் காட்டுவார்கள். அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம், "எம் மக போர்மேனுக்கே போர்மேன்" என்று பெருமை அடித்துக்கொண்டார். அம்மா மட்டும், "சோப்பு யாரு வாங்கிட்டு வாரது?" என்பாள். அம்மாவின் கவலைகள் எப்போதும் சோப்பு மாதிரி ஏதாவது ஒரு பொருளில்தான் தொடங்கும்.

அடுத்த சித்திரையில் அது நடந்தது. அன்று அப்பா எட்டரைக்கு வேறொரு கம்பெனிக்குப் போய் ஒரு லோடு பார்க்க வேண்டும். எனக்கு அன்று தொட்டது எதுவும் செல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கெட்ட நினைப்பு வந்து நின்றது. ஏழு தடவை, எட்டு தடவை என்று பம்புக்கும் வாசலுக்கும் ஓடினேன்.

"ஏ தாயி, நேரமாச்சுல்ல. அங்கன ஆளு காத்துக்கிட்டு இருக்கும்" என்று அப்பா முதலில் கெஞ்சினார். பிறகு அதட்டினார். நான் அழுதுகொண்டே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொட்டேன். கிளம்பும்போது ஒன்பது மணி தாண்டிவிட்டது.

வழியிலேயே அப்பாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்தபோது அவர் நிற்க வேண்டிய இடத்தில் அறையே இல்லை. அவரோடு உட்கார்ந்து டீ குடிக்கிற சிநேகிதர் ஒருவரும், இரண்டு பெண்களும் போய்விட்டார்கள்.

மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் அவரை வீட்டில் பார்த்ததே கிடையாது. சட்டையெல்லாம் கரி. கூடத்தில் தரையில் உட்கார்ந்தார், என்னை இழுத்து முன்னால் உட்கார வைத்தார், என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கை இல்லேன்னா இன்னைக்கு எனக்குப் பால் ஊத்தியிருப்பாக" என்றார்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று அழுதாள். நான் அழவில்லை. அதுவரைக்கும் எனக்குள்ளே ஒரு மூலையில், இதெல்லாம் சும்மா, நீயாகப் பண்ணுவது என்று ஒரு குரல் இருந்தது. அந்தக் குரல் அன்றோடு போயிற்று. பயந்து கிடக்கும் பிள்ளையிடம் "நீ பயந்தது சரிதான்" என்று சொல்வதைப் போன்ற தண்டனை வேறொன்று இல்லை. அதைப் பெற்ற தகப்பன் கும்பிட்டுச் சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? அந்த இரண்டு பெண்களையும் நான் தொடவில்லையே என்ற நினைப்பும் அதே நிமிடத்தில் வந்து உட்கார்ந்தது.

அப்பா போர்மேனிடம் சொன்னார். போர்மேன் கம்பெனி முழுக்கச் சொன்னார். வேன் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும், டிரைவர் அறைச் சாவிகளை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு போவார். ஒரு நாள் காலை வேன் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது.

"பாப்பா, என்னையும் ஒரு தொடு தொட்டுரு தாயி. வீட்டுல மூணு பிள்ளைக இருக்கு."

தொட்டேன். மறுநாள் நான்கு கைகள். ஒரு வாரத்தில் வேனின் இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. வளையல் போட்ட கை, மஞ்சள் பூசிய கை, சாம்பல் ஏறிய கை. அவர்கள் சிரித்துக்கொண்டுதான் நீட்டினார்கள். "நம்ம கம்பெனிக்குப் பாப்பாதான் இன்சூரன்சு" என்று கேலி பேசினார்கள். ஆனால் யாராவது ஒருத்தியை விட்டுவிட்டால் அவள் முகம் மாறிவிடும். நிறைமாதமாக இருந்த ஒரு அக்கா, கையோடு வயிற்றையும் தொடச் சொன்னாள். அந்த வயிறு என் கைக்குக் கீழே அசைந்தது. நான் பம்புக்கு ஓடிப்போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஒன்றையும் சேர்த்து நான் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கே போகவில்லை. காலை நான்கரைக்கு எழுந்து தொடங்கினால்தான் எட்டு மணிக்குள் எல்லாரையும் முடிக்க முடியும். முடிந்த பிறகு கை கழுவ உட்கார்ந்தால் மத்தியானம் ஆகிவிடும். புறங்கை வெடித்து ரத்தம் கசிந்தது. சோறு பிசைந்தால் எரியும், அதனால் ஸ்பூனில் சாப்பிட்டேன். அப்பா தேங்காயெண்ணெய் வாங்கி வந்து தன் கையாலேயே தடவிவிட்டார். தடவிய பிறகு நான் கழுவினேன்.

அம்மாதான் ஒரு நாள் வேனெல்லாம் போன பிறகு என்னைத் தரதரவென்று இழுத்துப் பஸ் ஏற்றி விருதுநகருக்குக் கூட்டிப்போனாள். தோல் டாக்டரிடம். சொறிசிரங்கு என்று நினைத்துத்தான் போனாள். டாக்டர் என் கையைப் பார்த்தார், அம்மாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுறம்மா?"

ஒருவரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நான் கணக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் பேனாவை மூடிவிட்டார். மதுரையில் ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அது என்ன டாக்டர் என்று சொன்னதும் அம்மா எழுந்துவிட்டாள்.

"எம் பொண்ணு என்ன பைத்தியமா?"

"இல்லம்மா. பயந்துபோயிருக்கா. ரொம்ப" என்றார் அவர்.

திரும்பும் பஸ் திருத்தங்கல் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "யாராச்சும் கேட்டா கண்ணு டாக்டர்னு சொல்லு" என்றாள். சொல்வதோடு விடவில்லை. வெறும் கண்ணாடி போட்ட ஒரு மூக்குக்கண்ணாடியும் வாங்கி என் மூக்கில் மாட்டிவிட்டாள். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் கண்ணாடி பரவாயில்லை, அந்த டாக்டர் கூடாது. தெருவில் எல்லாரும் "படிச்சுப் படிச்சுக் கண்ணு போச்சு" என்று பரிதாபப்பட்டார்கள். பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு!

மதுரையில் பெரிய டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து அறையில் ஒரு அக்காவிடம் அனுப்பினார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை முக்கால் மணி நேரம் அவரோடு பேச வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான நாற்காலிகள், ஒரு மேஜை விசிறி, ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகள். பேசுவதற்குப் பீஸ் வாங்குகிறார்களே என்று அம்மாவுக்கு ஆச்சரியம்.

எனக்கு அந்த அறையைக் கண்டாலே நடுக்கம். அந்த அக்கா நல்லவர்தான். குரலை உயர்த்தியதே இல்லை. ஆனால் அவர் என்னிடமிருந்து எதைப் பிடுங்கப் போகிறார் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பயங்களை ஏணிப் படிகளாக ஒரு தாளில் வரையச் சொன்னார். கீழ்ப்படியில் டெரிகாட்டன் துணி. மேலே ஏற ஏற சோப்பு, பம்பு, வேன். உச்சிப் படியை எழுதாமல் விட்டேன். அவராகவே கேட்டார்: "அப்பாவைத் தொடாம அனுப்புறதா?"

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அவசரமே இல்ல. ஒவ்வொரு படியா ஏறுவோம். நீ தொடலேன்னா ஒண்ணும் ஆகாதும்மா."

"உங்க ஊர்ல ஆகாது" என்றேன்.

அவர் அந்தத் தாளை மடித்து வைத்தார். அடுத்த தடவை நான் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "போன தடவை நான் சொன்னது தப்பு" என்றார். பெரியவர்கள் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வார்கள் என்பதே எனக்குப் புதிது. "உங்க ஊர்ல ஆகலாம். நாளைக்கே ஆகலாம். ஆகாதுன்னு உனக்கு வாக்குக் குடுக்க என்னால முடியாது. ஆனா, அப்படி ஆச்சுன்னாலும் அது உன் கையால ஆகல. ஆகலேன்னாலும் அது உன் கையால இல்ல. இந்தப் பயத்தோட சும்மா உக்காரத்தான் நாம பழகப்போறோம். அது ஏறும். ஏறிக்கிட்டே இருக்காது. நீ ஒண்ணும் செய்யாம இருந்தா தானா எறங்கும்."

அவரை அந்த நாளிலிருந்துதான் நம்பினேன். நம்பினேன் என்றால் பயம் குறைந்தது என்று அர்த்தமில்லை. டெரிகாட்டன் பாவாடையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்த முதல் பத்து நிமிடம் எனக்கு வியர்த்து ஊற்றியது. வாந்தி வந்தது. அவர் ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். இருபதாவது நிமிடம் நான் கொட்டாவி விட்டேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அது ஒரு படி.

வேன் படியை அம்மா ஏற்றிவிட்டாள். மறுவருடச் சித்திரையில் ஒரு காலை, கைகள் நீண்டபோது அம்மா கேட்டைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றாள். "எம் மகளுக்குக் கையெல்லாம் புண்ணு. இனிமே ஒருத்தரும் நீட்டாதீக. சாமிய நம்புறவக சாமியக் கும்பிடுங்க" என்றாள். வேனுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "இம்புட்டு நாளு இல்லாம இப்ப என்னவாம்" என்று ஒருத்தி சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. அந்த வாரம் முழுக்க ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனசு அதை அப்படி எடுத்துக்கொள்ளாது, இன்னும் ஆகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஜூனில் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பையே மறுபடி படிக்கச் சேர்த்தார்கள். இந்த வருடமும் லீவு போட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பெயரை எடுத்தால் எங்கள் வீட்டில் அதற்குமேல் பள்ளிக்கூடம் இல்லை, நான்கு வருடத்தில் கல்யாணம்தான். முதல் மணி அடிக்கும்முன் நான் போய்விட வேண்டுமானால் அப்பாவைத் தொடுகிற வேலை நிற்க வேண்டும். மிச்சமிருந்தது அந்த ஒரு படி.

அதில் ஏற விடாமல் நிறுத்தியது நான் இல்லை. அப்பா.

"சீசன் முடியட்டும்" என்றார். தீபாவளி ஆர்டர் மலைபோல் வந்து கிடந்தது. ஆடி முழுக்க அப்படியே சொன்னார். மதுரை அக்கா அவரைக் கூட்டி வரச் சொன்னார். அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார்.

"சீசன் முடிஞ்சதும் செய்வோம் டாக்டரம்மா."

"முடிஞ்சதும் அடுத்த சீசன் வரும் சார். பாப்பா தயாரா இருக்கா. உங்களுக்கு என்ன தயக்கம்?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீக" என்றார். "அவ தொடாம என்னால கேட்டத் தாண்ட முடியாது. அன்னைக்கு அந்த எடத்தப் பாத்ததுல இருந்து எனக்குக் காலு வர மாட்டேங்குது. இவ கைய வச்சாத்தான் வண்டி ஸ்டார்ட் பண்ணவே தைரியம் வருது."

அதுவரை நான் பட்ட பயமெல்லாம் ஒரு பக்கம், அந்த நிமிடம் ஒரு பக்கம். அப்பா பயப்படாதவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை என்று அந்தச் சின்ன அறையில்தான் எனக்குத் தெரிந்தது. பெரியவர்களுக்கு இதற்கு ஏதோ வழி தெரிந்திருக்கும் என்றல்லவா இருந்தேன்!

அக்கா அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். "உங்க பயத்த உங்க பொண்ணு சுமக்கிறா சார். அத நீங்க வாங்கிக்கணும்."

அப்பா தலையாட்டினார். நாள் குறித்தோம். ஆவணி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை.

அந்தக் காலை ஏழே முக்காலுக்கு நான் டெரிகாட்டன் சீருடையோடு, புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கைகளைப் பையின் வாருக்குள் நுழைத்து இறுக்கிப் பிடித்திருந்தேன். அம்மா பின்னால் நின்றாள். அப்பா செருப்பு மாட்டினார், என்னைப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினார், பைக்கில் உட்கார்ந்தார். உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார், கிளம்பியது. தெருமுனை வரை போனார்.

திரும்பி வந்தார்.

எஞ்சினை அணைக்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, கேட்டுக்கு மேலாக இரண்டு உள்ளங்கைகளையும் என் முன்னால் நீட்டினார். "ஒரே ஒரு தடவ தாயி. இன்னைக்கு மட்டும். நாளைக்கு வேண்டாம்."

அந்தக் கையைத் தொட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? தொட்டுவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. தொடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால், பெற்ற அப்பா கெஞ்சியும் தொடாத மகள் என்று நான் மிச்ச நாளெல்லாம் இருக்க வேண்டும். என் விரல்கள் வாரிலிருந்து கழன்றுவிட்டன. அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தொட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வேண்டாம்ப்பா" என்றேன். "நீங்களே பாத்துப் போயிட்டு வாங்க."

அப்பா கையை மடக்கிக்கொண்டார். அந்த முகத்தை நான் இன்றும் நினைக்க விரும்புவதில்லை. பைக் போயிற்று.

பள்ளிக்குப் போனேன். என்ன பாடம் நடந்தது என்று தெரியாது. பதினொன்றரை மணிக்குத் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தத்துக்கா பஞ்சம், சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். வகுப்பில் ஒருவரும் நிமிரவில்லை. நான் தண்ணீர் குடிக்கக் கேட்டுவிட்டு வெளியே போனேன். பள்ளியிலும் ஒரு அடிபம்பு இருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். அதைக் கையால் பிடிக்கவில்லை. ஏறும், ஏறிக்கொண்டே இருக்காது என்று சொல்லிக்கொண்டே நின்றேன். அது ஏறிக்கொண்டேதான் இருந்தது. மணி அடித்தபோதும் இறங்கவில்லை. இறங்காத பயத்தோடேயே வகுப்புக்குத் திரும்பினேன்.

ஆறு மணிக்கு அப்பா வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். செல்போனுக்கு அடித்தால் அணைந்திருந்தது. ஏழு மணிக்கு பைக் சத்தம் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.

அப்பா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இவ தொடலயேன்னு கேட்டுலயே பயந்து நின்னேன்" என்றார். "சரி, நம்மளே பாப்போம்னு ஒவ்வொரு ரூமா போனேன். உள்ள போயி, குனிஞ்சு, எல்லாத்தையும் பாத்தேன். மூணாவது ரூம்ல ஒம்பது பேரு ஒக்காந்திருக்காக."

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. பட்டாசுத் தொழிலில் இருக்கிற வீட்டில் அது குழந்தைக்கும் தெரியும்.

"பின்வாசல மறிச்சு பெட்டிய அடுக்கி வச்சிருக்கு. மருந்து, ஒரு நாளைக்கு வேண்டியது இல்ல, மூணு நாளைக்கு வேண்டியது உள்ளயே கெடக்கு. ஒரு பொறி பட்டிருந்தா…" அப்பா நிறுத்தினார். "எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, ரூம ஒழிச்சு முடிக்க இம்புட்டு நேரம்."

"நீங்க தெனமும் பாக்குறது இல்லையா?" என்றாள் அம்மா.

"முன்ன பாப்பேன்."

"எம்புட்டு நாளா பாக்கல?"

அப்பா என் கைகளைப் பார்த்தார். "அந்தக் கம்பெனி வெடிச்ச நாள்ல இருந்து இருக்கும். பாப்பா தொட்டுத்தான விட்டிருக்கான்னு போயி ஆபீஸ்ல ஒக்காந்துக்கிருவேன். போர்மேனும் அப்படித்தான் இருந்திருக்கான். எல்லாரும் அப்படித்தான்."

மூன்றாவது அறையில் யார் யார் என்று அம்மா ஒவ்வொருவராகக் கேட்டாள். அப்பா சொல்லச் சொல்ல அவர்களுடைய கைகள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அந்த ஒன்பது பேரில் நான் தொடாதவர் ஒருவர்கூட இல்லை.